பெரிய சங்கிலிக் கடைகளின் ‘பசுமை’: செய்வது எங்கே, சொல்வது எங்கே?

கேள்வி இதுதான்: பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் பெரிய சில்லறைக் கடைகள் சுற்றுச்சூழலுக்காக உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா? வாடிக்கையாளரிடம் அவை சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செய்யத்தான் செய்கிறார்கள். விளம்பரமும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் செய்வது ஓரிடத்தில், சொல்வது வேறிடத்தில். பெரிய பலன் தரும் வேலைகள் கடையின் பின்பக்கத்திலும், குடோனிலும், சப்ளையரின் தொழிற்சாலையிலும் நடக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைக்குள் ஒரு அட்டைகூடத் தொங்காது. அட்டை தொங்குவதெல்லாம் பை, ஸ்ட்ரா, ரசீது போன்ற கண்ணில் படும் சின்ன விஷயங்களுக்கு. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் கணக்கு. ஒரு நிறுவனத்தின் கரிம உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். தானே எரிக்கும் எரிபொருளும் தன் கருவிகளிலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. விற்கும் பொருளை யாரோ விளைவித்து, தயாரித்து, ஏற்றி அனுப்புவதும், வாங்கியவர் அதைப் பயன்படுத்தித் தூக்கி எறிவதும் ஸ்கோப் 3. சில்லறைக் கடைகளுக்கு இந்த மூன்றாவதுதான் யானை. பொதுவாக மொத்தத்தில் 90 சதவீதத்துக்கும் மேல். ஆக, ‘எங்கள் கடைகள் அனைத்தும் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மீதிப் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்த நல்ல செய்தி அது.

சப்ளையர் பக்கம் கை வைத்த பெரிய முயற்சி வால்மார்ட்டின் ‘ப்ராஜெக்ட் கிகாடன்’. 2017-இல் தொடங்கியது. 2030-க்குள் சப்ளையர்கள் மூலம் 100 கோடி டன் உமிழ்வைத் தவிர்ப்பது இலக்கு. 2024-இல், ஆறு ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த 100 கோடி டன் என்பது சப்ளையர்கள் தாங்களே கணக்கிட்டுச் சொன்ன ‘குறைத்தது, தவிர்த்தது’ எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போன தொகை. வால்மார்ட்டின் மொத்த ஸ்கோப் 3 உமிழ்வு அந்த அளவு இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. அதே 2024-இன் கடைசியில், தன் சொந்தக் கடைகள், லாரிகள், குளிர்பெட்டிகளுக்கு வைத்த 2025, 2030 இலக்குகளைத் தவறவிட நேரலாம் என்றும் அந்த நிறுவனமே சொன்னது. முதல் அறிவிப்பை விடவும் இரண்டாவது அறிவிப்பைப் பார்த்துத்தான் எனக்கு மதிப்பு வந்தது. தானே எண்ணக்கூடிய இடத்தில் எண்ணி, வராததை வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் குளிர்பெட்டியில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்த விஷயம் அது. பாலும் இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கியிருக்கும் வரிசைகளுக்கு அடியில், கடை முழுக்க நீளும் குழாய்களில் குளிரூட்டி வாயு ஓடுகிறது. நூற்றுக்கணக்கான மூட்டுகள், ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். சராசரி சூப்பர் மார்க்கெட்டில் ஆண்டுக்கு நிரப்பிய வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு கசிந்துவிடுகிறது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நீண்ட காலம் பரவலாக இருந்த ஆர்404ஏ என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ வெளியேறினால், 3,900 கிலோ கரியமில வாயு வெளியேறிய அளவுக்குப் புவியைச் சூடாக்கும். மூட்டு ஒன்று சரியாக இறுகாததால் ஒரு மாதத்தில் போகும் சில கிலோ, பல கார்கள் ஆண்டு முழுக்க ஓடி விடும் புகைக்குச் சமம்.

இதற்கு மாற்று இருக்கிறது: கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்துவது. அதன் வெப்பமூட்டும் திறன் வெறும் 1. ஆனால் அது மிக அதிக அழுத்தத்தில் ஓடும் என்பதால் பழைய குழாய்களில் அப்படியே ஊற்றிவிட முடியாது. கம்ப்ரசரிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் புதிய வணிகக் குளிர்பெட்டிகளில் ஆர்404ஏ போன்றவற்றைத் தடை செய்தது. பெரிய சங்கிலிகள் கடை கடையாக மாற்றிக்கொண்டு வருகின்றன. திறந்து கிடந்த பெட்டிகளுக்குக் கண்ணாடிக் கதவு போடுவதும் இந்த வகை வேலைதான். சரி, இதையெல்லாம் எந்தக் கடையாவது வாசலில் எழுதி வைத்திருக்கிறதா? வைக்காது. குளிர்பெட்டியின் வாயுவைப் பார்த்து யாரும் பால் வாங்குவதில்லை.

பை அப்படியில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கையிலும் அது வெளியே போகிறது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் ஒரு பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தது. பின்னர் 10 பென்ஸ் ஆனது. முக்கிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளின் விற்பனை 98 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. குப்பையையும் கடலையும் பொறுத்தவரை இது உண்மையான வெற்றி. ஆனால் அதற்குப் பதிலாகக் கடைகள் பெருமையோடு விற்கத் தொடங்கிய துணிப்பை வேறு கதை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காலநிலைக் கணக்கை மட்டும் பார்த்தாலே, சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது, ஆர்கானிக் பருத்திப் பையை 149 முறையாவது பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகிறது. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆர்கானிக் பைக்கு அந்த எண் 20,000. (அந்த ஆய்வு கடலில் சேரும் குப்பையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.) வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையை, அது எதனால் ஆனதாக இருந்தாலும், கிழியும்வரை கொண்டுபோவதுதான் நல்லது. அந்த யோசனையை அச்சிட்டுத் தொங்கவிட்டால் பை விற்காது என்பதால் அது அவ்வளவாகத் தொங்குவதில்லை.

ரசீதும் இதே ரகம். ‘காகிதம் மிச்சம், ரசீதை ஈமெயிலில் அனுப்பட்டுமா?’ என்று கேட்பார்கள். காகிதம் மிச்சம்தான். கூடவே உங்கள் ஈமெயில் முகவரியும், அதோடு நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்ற விவரமும் போய்ச் சேர்கிறது.

சின்ன விஷயங்களை விட்டுவிட்டு முழு உண்மையையும் பொருளின் மேலேயே எழுதிவிடலாமே என்று யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். பிரிட்டனின் பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலியான டெஸ்கோ 2007 ஜனவரியில், தான் விற்கும் 70,000 பொருள்களிலும் கரிம அளவை லேபிளாக ஒட்டப்போவதாக அறிவித்தது. ஆரஞ்சு ஜூஸ், உருளைக்கிழங்கு, பல்பு, சலவைத் தூள் என்று தொடங்கினார்கள். ஒரு கால்தடப் படம், அதற்குள் இத்தனை கிராம் என்று ஒரு எண். 2012-இல் கைவிட்டார்கள். அதற்குள் லேபிள் ஒட்டியது சுமார் 500 பொருள்களுக்கு. ஒரு பொருளுக்குக் கணக்குப் போடவே பல மாதம் பிடித்தது, மற்ற கடைகளும் பின்தொடரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. ஒரு ஜூஸ் பாக்கெட்டில் ‘260 கிராம்’ என்று எழுதியிருந்தால் அதை வைத்து என்ன செய்வது? அதிகமா, குறைவா? பக்கத்து பாக்கெட்டில் எண்ணே இல்லையே. ஒப்பிட ஒன்றும் இல்லாத எண்ணை மனம் வாங்கிக்கொள்ளாது. சலவைத் தூளில் ஒட்டிய லேபிள் இதைவிட உருப்படியானது: குறைந்த சூட்டில் துவைத்தால் உமிழ்வு குறையும் என்று, வாங்கியவர் செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னது.

விலையிலேயே உண்மையைச் சொன்ன முயற்சியும் உண்டு. ஜெர்மனியின் மலிவு விலைக் கடையான பென்னி 2023 ஜூலை கடைசியில், தன் 2,150 கடைகளிலும் ஒரு வாரத்துக்கு ஒன்பது பொருள்களை ‘உண்மை விலை’யில் விற்றது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலநிலை, நீர், மண், உடல்நலம் ஆகியவற்றில் அந்தப் பொருளால் நேரும் செலவைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். 3.19 யூரோவுக்கு விற்ற வீனர் சாசேஜ் 6.01 யூரோ ஆனது. 2.49 யூரோ மாஸ்தாம் சீஸ் 4.84 ஆனது. தாவர உணவில் செய்த ஷ்னிட்செல் (பொரித்த கட்லட் போன்றது) விலை மட்டும் ஐந்து சதவீதம்தான் ஏறியது. பத்துப் பக்க அறிக்கை சொல்ல முடியாததை ஒரு விலைச் சீட்டு சொல்லிவிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒன்பதுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு வாரம் என்பதால் இதையும் விளம்பரம் என்று திட்டியவர்கள் இருந்தார்கள். இருக்கலாம். ஆனால் தன் பொருளின் விலை பொய்யானது என்று ஒரு மலிவு விலைக் கடை தானே ஒப்புக்கொண்ட விளம்பரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம், சொல்லாமலே செய்துவிடுவது என்று ஒரு வழி. அலமாரியில் எது இருக்க வேண்டும் என்பதைக் கடையே முடிவு செய்துவிடும். அறைகலன் விற்கும் ஐக்கியா 2015-இல் மற்ற பல்புகளை ஓரங்கட்டிவிட்டு எல்இடி மட்டும் விற்கத் தொடங்கியது. பிரிட்டனின் செயின்ஸ்பரிஸ் 2007-இல் தான் விற்கும் வாழைப்பழம் எல்லாவற்றையும் நியாய வர்த்தகச் சான்று (விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைக்கிறது என்பதற்கான சான்று) பெற்றதாக மாற்றியது. இங்கே வாடிக்கையாளர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை, லேபிள் படிக்க வேண்டியதில்லை, பல்பு வாங்க வந்தவர் பல்பு வாங்கிக்கொண்டு போகிறார். விலையைத் தொடுவதும் இப்படித்தான். மலிவு விலைச் சங்கிலியான லிடில் ஜெர்மனியில் 2023 அக்டோபரில் தன் சொந்த பிராண்டின் தாவர உணவுகளை, அவற்றுக்கு இணையான இறைச்சி, பால் பொருள்களின் விலைக்கே இறக்கியது. விற்பனை 30 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. கருத்துக்கணிப்பில் ‘சுற்றுச்சூழலுக்காகக் கூடுதலாகக் கொடுப்பேன்’ என்று சொல்கிறவர்கள் கடையில் அதைச் செய்வதில்லை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர்களைத் திருத்தப் பார்ப்பதைவிட விலையைத் திருத்துவது சுலபம்.

ஆடைக் கடைகளில் நிலைமை வேறு. அங்கே ‘பசுமை’ என்பதே விற்பனைச் சரக்காகிவிட்டது, அதனால் அடிபட்டதும் அவர்கள்தான். எச்&எம் தன் ‘கான்ஷியஸ்’ வரிசை ஆடைகளுக்கு இணையதளத்தில் ஒரு மதிப்பெண் அட்டை காட்டியது; ‘ஹிக்’ என்ற தொழில்துறைக் குறியீட்டை வைத்துத் தயாரித்த அட்டை. 2022-இல் குவார்ட்ஸ் செய்தித் தளம் அதைத் தோண்டிப் பார்த்தது. ஓர் ஆடைக்கு ‘20 சதவீதம் குறைவான தண்ணீர்’ என்று அட்டை சொன்னது. மூலத் தரவைப் பார்த்தால் 20 சதவீதம் அதிகத் தண்ணீர். ‘வழக்கத்தைவிட மோசம்’ என்று காட்டத் தரவில் இருந்த கழித்தல் குறி அட்டைக்கு வரும்போது தொலைந்துபோயிருந்தது. கெட்ட எண்ணம் என்பதைவிட, யாரும் சரிபார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. விலைச் சீட்டில் இப்படி ஒரு குறி தொலைந்திருந்தால் அன்று மாலைக்குள் கண்டுபிடித்திருப்பார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் தலையிட்டது. எச்&எம்மின் ‘கான்ஷியஸ்’, விளையாட்டுச் சாமான் விற்கும் டெக்கத்லானின் ‘ஈகோடிசைன்’ போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் என்ன பயன் என்று தெளிவாக எழுதவில்லை என்பது குற்றச்சாட்டு. இரு நிறுவனங்களும் அந்தச் சொற்களைத் திருத்தவோ நீக்கவோ ஒப்புக்கொண்டன; எச்&எம் ஐந்து லட்சம் யூரோவும் டெக்கத்லான் நான்கு லட்சம் யூரோவும் நன்கொடையாகக் கொடுத்தன. பிரிட்டனில் போட்டி, சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் ஏசாஸ், பூஹூ, ஆஸ்டாவின் ஜார்ஜ் என்ற மூன்று ஆடை விற்பனையாளர்களிடமும் எழுதி வாங்கிய உறுதிமொழியில் ஒரு விதி எனக்குப் பிடித்தது: இணையதளத்தில் ‘மறுசுழற்சி’ என்ற ஃபில்டரைத் தட்டினால், பெரும்பகுதி மறுசுழற்சிப் பொருளால் ஆனவை மட்டுமே வர வேண்டும். இதை எழுதி வாங்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே முன்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இலைப் படங்களைப் போட்டு ‘இயற்கை’ என்ற எண்ணம் வரவைப்பதையும் அந்த உறுதிமொழி கட்டுப்படுத்தியது.

பழைய துணியைத் திரும்ப வாங்கும் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல சங்கிலிகள் கடை வாசலில் வைத்திருக்கின்றன. சில இடங்களில் துணியைப் போட்டால் அடுத்த வாங்கலுக்கு டிஸ்கவுண்ட் கூப்பன். சேஞ்சிங் மார்க்கெட்ஸ் என்ற அமைப்பு, நல்ல நிலையில் இருந்த 21 துணிகளில் கண்காணிப்புக் கருவி தைத்துப் பத்து பிராண்டுகளிடம் கொடுத்துப் பார்த்தது. 2023-இல் முடிவு வந்தபோது 16 துணிகள் அழிக்கப்பட்டோ, குடோனில் கிடந்தோ, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பப்பட்டோ இருந்தன. 21 என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து எல்லாவற்றையும் தீர்ப்பிட முடியாது. ஆனால் பழைய துணியிலிருந்து மீண்டும் துணியாவது உலக அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்ற பொதுவான கணக்கோடு இது ஒத்துப்போகிறது. கூப்பன் மட்டும் தவறாமல் வேலை செய்கிறது.

வாடிக்கையாளரிடம் சொல்வது முழுக்க வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்னதாலேயே பலன் வந்த இடமும் உண்டு: உணவுப் பொருளின் தேதி. பிரிட்டனின் சூப்பர் மார்க்கெட் சங்கிலியான மாரிசன்ஸ் 2022 ஜனவரியில் தன் சொந்த பிராண்டு பாலில் பெரும்பகுதிக்கு ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக’ என்பதை எடுத்துவிட்டு, ‘இந்தத் தேதிவரை சிறந்தது’ என்று மாற்றி, முகர்ந்து பார்த்து முடிவு செய்யச் சொன்னது. மார்க்ஸ் & ஸ்பென்சர் அதே ஆண்டு 300-க்கும் மேற்பட்ட பழம், காய்கறிப் பொருள்களில் தேதியையே நீக்கியது; அடுக்குபவர்களுக்கு மட்டும் ஒரு குறியீடு. இதெல்லாம் ஏன் பலிக்கிறது? கெட்டுப்போகாத பாலைக் கொட்டாமல் இருந்தால் வாங்கியவருக்குப் பணம் மிச்சம். செய்ய வேண்டியது அவர் கையில், அவர் சமையலறையில். கடை பெருமையடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது சட்டம் இறுகுகிறது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் நீதிமன்றம் போகாமலே போட்டி, சந்தை ஆணையம் உலக வருமானத்தில் 10 சதவீதம்வரை அபராதம் போடலாம். பிரான்ஸ் 2025 ஜூலையில் இணையத்தில் மலிவு ஆடை விற்கும் ஷீஇன் நிறுவனத்துக்கு விதித்த 4 கோடி யூரோ அபராதம் பெரும்பாலும் போலித் தள்ளுபடிக்காக. ஆனால் நிரூபிக்க முடியாத உமிழ்வுக் குறைப்பு வாசகமும் அதில் சேர்த்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் அமலாகிறது. ஆதாரம் இல்லாத ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுச் சொற்களுக்குத் தடை. எங்கோ மரம் நட்டதைக் காட்டி ஒரு பொருளை ‘கார்பன் நியூட்ரல்’ (நிகர உமிழ்வு இல்லாதது) என்று விற்பதற்கும் தடை. இதன் பக்கவிளைவு, சில நிறுவனங்கள் வாயை மூடிக்கொள்வது. செய்ததைக்கூடச் சொல்லப் பயம். சிலர் இதற்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கடைக்குள் தொங்கும் அட்டைகள் குறைந்தாலும் ஆண்டறிக்கையில் எண்கள் வந்தால் போதும்.

எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண்டறிக்கையைத் திறந்தால் முதலில் ஸ்கோப் 3 எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மற்றப் பக்கங்களைப் புரட்ட வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. இருந்தால், குறைந்திருப்பது மொத்த அளவா, ஒரு பொருளுக்கான அளவா என்று கவனியுங்கள். ஒரு சட்டைக்கு 10 சதவீதம் குறைத்து, 20 சதவீதம் அதிகச் சட்டை விற்றால் மொத்தம் ஏறத்தான் செய்யும். அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் 10 சதவீதம்தான் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். பெருந்தொற்றில் கடைகள் மூடிக் கிடந்த ஆண்டு அடிப்படையா, அதற்கு முந்தையதா என்பதைப் பொறுத்து அதே எண் நல்லதாகவும் கெட்டதாகவும் தெரியும். ‘மறுசுழற்சி பாலியெஸ்டர்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது, பழைய துணியிலிருந்து அல்ல. பாட்டில் மறுபடி பாட்டிலாகியிருக்கலாம். துணியானபின் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது.

அறிக்கை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 2026 செப்டம்பருக்குப் பிறகு ஒரே நிறுவனத்தின் ஒரே பொருளை இரண்டு நாட்டு இணையதளங்களில் திறந்து பாருங்கள், ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், மற்றொன்று வெளியே. வெளியே உள்ள பக்கத்தில் மட்டும் ஒரு பச்சை வாசகம் மிச்சமிருந்தால், அதற்கான ஆதாரம் என்ன என்று அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள். ‘நிலைத்தன்மையில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்’ என்று பதில் வந்தால் ஆதாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை சதவீதம், யார் சான்றளித்தது, எந்தத் தொழிற்சாலை என்று பதில் வந்தால் நிறுவனத்துக்குள் யாரோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.